கிலோவுக்குப் போடாதே

குரோம்பேட்டை,
ஞாயிறு இரவு

டேய் சக்கு,

நலம். நீயும் தங்கச்சியும் நலம்தானே? முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறாயா என்று கேட்க மாட்டேன். கேட்டால் பொய் சொல்வாய்.

நான் கடுதாசி எழுதி எத்தனை வருஷம் ஆச்சு என்று விரல் விட்டு எண்ணாதே. நீ மட்டும் மாசம் ஒன்று போட்டுக் கிழித்தாயாக்கும். போனில் நான் ஒரு பேச்சு முடிப்பதற்குள் நீ மூன்று பேச்சு பேசிவிட்டு "டவர் இல்லை மாப்ளே" என்று வைத்துவிடுவாய். கடுதாசியில் நீ குறுக்கே பாய முடியாது. முழுசாகப் படி, பிறகு திட்டு.

வியாழக்கிழமை போனில் நீ லேத் பட்டறையை மூடப் போவதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டாய். லேத்தை ஒருவன் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான், மற்றதையெல்லாம் உக்கடத்துப் பழைய இரும்புக்காரன் கிலோ கணக்கில் அள்ளிக்கொள்கிறான், அடுத்த வாரம் ஷட்டரை இறக்கிவிடலாம். நானும் "ம்" கொட்டினேன். போனை வைத்த பிறகுதான் அந்தக் "கிலோ கணக்கு" காதுக்குள் சுற்ற ஆரம்பித்தது. அன்று ராத்திரி எழுந்து உட்கார்ந்து காலண்டர் பின்பக்கம் கணக்குப் போட்டேன். நீ அளக்கிற அந்த மிட்டுடோயோ வெர்னியர் 150 கிராம் இருக்குமா? கிலோ 35 ரூபாய் என்றால் 5 ரூபாய் 25 காசு. காந்திபுரத்தில் ஒரு டீ கூட வராது. அதை வாங்க நீ எத்தனை மாசம் நைட் ஷிப்ட் பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். அந்த ஆறு மாசமும் மெஸ் காசை நான்தானே கட்டினேன்.

ரிட்டையர் ஆனதிலிருந்து வெள்ளிக்கிழமை நான் எங்கே போகிறேன் என்று உனக்குத் தெரியும். வீட்டில் முதல் இரண்டு வாரம் கோயிலுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வாரம் பையிலிருந்து பைப் ரெஞ்ச் எட்டிப் பார்த்துவிட்டது. பல்லாவரம் சந்தை. ஒரே ஒரு ஸ்டேஷன்தான். நூறு வருஷத்துக்கு மேல் பழசு என்கிறார்கள். பழைய டிரங்க் ரோட்டில் இரண்டு பக்கமும் தார்ப்பாய் விரித்திருப்பார்கள். ரோஜாச் செடி, புறா, ஓடாத டிரெட்மில், கை போன பீங்கான் பொம்மை, யாரோ போட்டு வெளுத்த ஜீன்ஸ், நடுவில் நம்ம சாமான். தலைக்கு மேலே விமானம் வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்கும். விமானச் சத்தத்தில் விலை சொல்கிறவன் வாய் மட்டும் அசையும். எனக்கு அது ரொம்ப வசதி. அவன் 400 என்றால் எனக்கு 200 என்றுதான் கேட்கும்.

எனக்கு மூர் மார்க்கெட்டுதான் ஞாபகம் வரும். 1984இல் இன்டர்வியூவுக்கு என்று வந்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக் காசைப் போட்டு ரேபோன் கம்பெனி ஸ்கேல் வாங்கினோமே. அடுத்த வருஷம் மே 30ஆம் தேதி அந்தக் கட்டடமே எரிந்து போனது. இன்றைக்கும் சென்ட்ரல் பக்கத்துப் புறநகர் ஸ்டேஷனுக்கு மூர் மார்க்கெட் பெயர்தான் இருக்கிறது. ஸ்கேல் உன்னிடம் இருக்கிறது. அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

சந்தைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு புது 6201 பேரிங் வைத்திருப்பேன். உள்விட்டம் 12 மில்லி, வெளிவிட்டம் 32, அகலம் 10. நம்ம வாத்தியார் மைக்ரான் சார் இருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார். எந்த வெர்னியரை எடுத்தாலும் முதலில் அதன் வாயை மூடி வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பேன். எல்லோரும் நுனியில் வைத்தே அளக்கிறார்கள், அதனால் நுனிதான் முதலில் தேயும், அங்கேதான் வெளிச்சம் கசியும். கசியவில்லை என்றால் பேரிங்கை எடுத்து மேல் வாயில் 12, கீழ் வாயில் 32. இரண்டும் சரியாக வந்தால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "முள்ளே இல்லையேப்பா இதுல" என்று கீழே வைத்துவிட்டுப் பக்கத்திலிருக்கும் துருப்பிடித்த கத்தரிக்கோலுக்கு விலை கேட்பேன். போன வருஷம் 350 ரூபாய்க்கு 0.02 மில்லி வரை காட்டுகிற வெர்னியர் ஒன்று இப்படி வந்தது. விற்றவன் அதை "ஸ்க்ரூ ஸ்கேல்" என்றான். நான் திருத்தவில்லை.

நீ சிரிக்க ஒன்று சொல்கிறேன். மார்கழியில் ஒரு ஆங்கிள் கிரைண்டர் வாங்கினேன், 600 ரூபாய். கடைக்காரர் பேட்டரி இன்வெர்ட்டரில் சொருகி இரண்டு செகண்ட் ஓட்டிக் காட்டினார். நன்றாகத்தான் சுற்றியது. பக்கத்தில் கட்டுக் கட்டாக ஊதுவத்தி கொளுத்தி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை, பக்திமான் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ஓட்டினால் பத்தாவது செகண்டில் ஆர்மேச்சர் வார்னிஷ் கருகி வீடு முழுக்க நாறுகிறது. நாற்பது வருஷம் மெஷினோடு கிடந்தவன் கார்பன் பிரஷ் மூடியைக் கழற்றிப் பார்க்காமல், கம்யூட்டேட்டரை எட்டிப் பார்க்காமல், மோந்துகூடப் பார்க்காமல் வாங்கி வந்திருக்கிறேன். மோந்தாலும் சந்தன வாசனைதான் வந்திருக்கும். வீட்டில் இப்போது நான் எதைக் கொண்டு வந்தாலும் "ஊதுவத்தி கொளுத்தினாங்களா?" என்றுதான் முதல் கேள்வி. நம்ம பொள்ளாச்சிக்காரனிடம் இதைச் சொல்லித் தொலைக்காதே.

சரி. சொல்ல வந்தது வேறு.

ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. ஏழு மணி இருக்கும். ஒரு டாட்டா ஏஸ் பின்பக்கமாக வந்து நின்றது. இரண்டு பையன்கள் சாக்கு சாக்காக இறக்கித் தார்ப்பாயில் கொட்டினார்கள். கொட்டின சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. வீட்டுச் சாமான் அப்படி விழாது. லேத்தில் வேலைத்துண்டைக் கவ்வுகிற நாலு தாடை சக் ஒன்று, ஸ்டெடி, நர்லிங் டூல், டை செட், டேப் ரெஞ்ச், ஒரு ஆளுடைய மொத்தப் பட்டறை. மேலே ஓட்டையை நேர்த்தி செய்கிற ரீமர் ஒன்று கிடந்தது, எண்ணெய்க் காகிதம் பாதி கிழிந்து. துடைத்துப் பார்த்தேன், 12 எச்7. ஓட்டை 18 மைக்ரானுக்குள் நிற்க வேண்டும் என்றால் எடுக்கிற சாமான். "இது என்னப்பா?" என்றேன். "கம்பி சார். எது எடுத்தாலும் இருபது." ரீமர் நுனி மேல் டை ஸ்டாக் கிடக்கிறது, அதன் மேல் சக் சாவி கிடக்கிறது. சக் சாவி என்றதும் உன் ஞாபகம் வந்தது, வேறு என்ன வரும்? ஷெட்டு ஓட்டில் சாவி பறந்து போட்ட அந்த ஓட்டை இன்னும் இருக்கும்.

கீழே ஒரு மரப்பெட்டி. மூடி ஆணி போட்டது அல்ல, இழைத்துக் காடி எடுத்துச் செருகுகிற மூடி. உள்ளே வரிசையாக லேத்தில் இரும்பைச் சீவுகிற டூல் பிட், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி குழி. ஒன்றை எடுத்துக் கட்டை விரலில் வைத்துத் திருப்பினேன். சக்கு, நாம் எல்லாம் கிரைண்டிங் வீலில் பிடித்து எடுத்ததோடு சரி. இந்த ஆள் வீலில் எடுத்த பிறகு எண்ணெய்க் கல்லில் தீட்டியிருக்கிறார், முனையில் கால் மில்லி ஆரம் கொடுத்து. சுருள் உடைய மேலே ஒரு மெல்லிய வாய்க்கால், நகத்தால் தடவினால்தான் தெரியும். ஒரு குழியில் இருந்ததற்கு மேல்பக்கம் சரிவே இல்லை, தட்டையாக விட்டிருந்தார். குழிக்குப் பக்கத்தில் காகிதத் துண்டு ஒட்டி பென்சிலில் "பித்தளைக்கு" என்று எழுதியிருந்தது. எழுத்து நடுங்கியிருந்தது. வயசான எழுத்து.

பையனிடம் கேட்டேன். "அம்பத்தூர்ல ஒரு ஷெட்டு காலி பண்ணாங்க சார். பெரியவர் போய்ட்டாரு. மகன் எல்லாத்தையும் எடுத்துக்கச் சொல்லிட்டாரு, கிலோ கணக்குல." அதே வார்த்தைதான்.

ஷாப்டைப் படுக்க வைக்கிற வி பிளாக் ஜோடி ஒன்றும் இருந்தது. இரண்டிலும் ஒரே நம்பர் அடித்திருக்கும், உனக்குத் தெரியும், ஜோடியாக வைத்துத்தான் கிரைண்ட் செய்வார்கள். நான் பெட்டியில் ஆழ்ந்துகிடந்த நேரத்தில் ஒரு அம்மா வந்து ஒன்றை மட்டும் எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தார். கனமாக இருக்கிறது, பிடித்துவிட்டது. 50 ரூபாய் கொடுத்துக் கூடையில் கறிவேப்பிலைக் கன்றுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். நான் நிமிர்ந்து பார்க்கும்போது தார்ப்பாயில் ஒன்றுதான் இருக்கிறது. பின்னாலேயே ஓடினேன். "அம்மா, அது ஜோடிம்மா, ஒண்ணு மட்டும் இருந்தா பிரயோஜனமில்லை, நூறு தரேன், கொடுத்துடுங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்குப் பிரயோஜனம் இருக்குங்க. பின்கட்டுக் கதவு காத்துல அடிச்சிக்குது. அதுக்கு முட்டுக் கொடுக்கத்தான்." 200 என்றேன். 200 என்றதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது, கூடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு வேகமாக நடந்துவிட்டார். கேட்ட விலையிலேயே காரியத்தைக் கெடுத்துக்கொண்டேன்.

ஆக நங்கநல்லூரிலோ கீழ்க்கட்டளையிலோ ஒரு பின்கட்டுக் கதவு அடித்துக்கொள்ளாமல் நிற்கிறது. மற்றதை நான் வாங்கி வந்து அலமாரியில் வைத்திருக்கிறேன். ஒற்றையை வைத்துக்கொண்டு நீளமான ஷாப்ட் எதையும் படுக்க வைக்க முடியாது. எதற்கு வாங்கினாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். பதில் இல்லை.

நானும் யோக்கியன் இல்லை. அந்த ரீமர்களில் ஏழு எடுத்து 20 ரூபாய் வீதம் வாங்கினேன். விலை தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. டூல் பிட் பெட்டிக்கு 300 கேட்டான், 180க்கு அடித்துப் பேசி வாங்கினேன். ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் வந்தேன். மூன்று வருஷமாக மலிவு மலிவு என்று உனக்குப் போட்டோ அனுப்பிக் குதிக்கிறேனே, அதெல்லாம் எங்கேயோ ஒரு சக்கு கிலோவுக்குப் போட்டதுதான் என்பது வியாழக்கிழமை நீ பேசின பிறகுதான் உறைத்தது. நான் இத்தனை நாளும் தார்ப்பாய்க்கு இந்தப் பக்கமே குந்தியிருந்துவிட்டேன்.

இப்போது கவனமாகக் கேள். நீ கடையை மூடாதே என்று சொல்லவில்லை. முட்டி போய்விட்டது, பம்ப்செட் ஷாப்ட் வேலையெல்லாம் கம்ப்யூட்டர் மெஷின் வைத்திருக்கிற சிஎன்சிக்காரன் கொண்டு போய்விட்டான், பையன் பெங்களூரை விட்டு வர மாட்டான். மூடு. உன் எச்எம்டி எல்பி17 லேத்துக்கு எப்போதும் ஆள் உண்டு, அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, ஆனால் வந்தவனிடம் சக்கையும் ஸ்டெடியையும் சேர்த்துத் தூக்கிக் கொடுத்துவிடாதே, லேத்துக்கு ஒரு விலை, அதற்கு ஒரு விலை. அளவைச் சாமானை உக்கடத்துக்காரன் கண்ணில் காட்டவே காட்டாதே. வெர்னியர், மைக்ரோமீட்டர், டயல், சர்ஃபேஸ் பிளேட் எல்லாம் எண்ணெய் தடவி வீட்டுக்குள் கொண்டு போ. தங்கச்சி கத்தினால் நான் சொன்னதாகச் சொல். ரீமர், டேப், டிரில் எதையும் சாக்கில் கொட்டாதே, ஒன்றோடு ஒன்று உரசினால் வாய் போய்விடும். பழைய செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றி அளவை மேலே எழுது. தமிழில் எழுது, இங்கிலீஷில் எழுதி 6ஐயும் 9ஐயும் நீ குழப்பின கதை போதும். உடைந்த டிரில், தேய்ந்த அரம், சுருள் குப்பை, வார்ப்பிரும்புத் துண்டு, இதெல்லாம் கிலோவுக்குப் போகட்டும். நான் குறுக்கே நிற்கவில்லை.

மீதியைக் கணபதியிலும் பீளமேட்டிலும் இன்னும் கையால் லேத் ஓட்டுகிற பையன்களுக்கு ஒவ்வொன்றாக விற்கலாம். இரண்டு வாரம் ஆகும், ஆகட்டும். மார்க்கெட் விலையில் பாதி கேட்போம். காசில்லாத பையன் வந்தால் அதிலும் பாதி. ஆனால் அவன் பையில் பேரிங்கைப் போட்டுக்கொண்டு வந்து மூஞ்சியைத் தொங்கப் போட்டால் அந்தப் பேரத்தை என்னிடம் விட்டுவிடு. எனக்கு அந்த வித்தை தெரியும்.

சனிக்கிழமை கோவை எக்ஸ்பிரஸில் வருகிறேன், டிக்கெட் போட்டாகிவிட்டது. மத்தியானத்துக்கு மேல் வந்து சேருவேன். அதுவரை ஷட்டர் சாவியை யாரிடமும் கொடுக்காதே. பித்தளைக்கான அந்த டூல் பிட்டைக் கொண்டு வருகிறேன், லேத் போவதற்கு முன்னால் உன் கையால் ஒரு புஷ் கடைந்து பார்க்கலாம். ஒற்றை வி பிளாக்கையும் கொண்டு வருகிறேன். உன் ஜோடியோடு வைத்து உயரம் பார்ப்போம். சேராது என்று தெரியும், சும்மா பார்ப்போம்.

ஸ்கேல் விஷயம். 12 இஞ்ச். மூர் மார்க்கெட்டில் பாதிக் காசு என்னுடையது. நாற்பது வருஷமாக நீ வைத்திருந்தாய், நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் 6 இஞ்ச் என்னுடையது, தேய்மானம் இல்லாத பக்கமாகப் பார்த்து எடுத்து வை.

அன்புடன்,
அரை நூல்

பி.கு: தங்கச்சியிடம் சொல், எனக்கு ரயிலில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. ரசம் போதும்.