குரைக்காத நாய்

வெள்ளவத்தை

அன்புள்ள மகனுக்கு,

நீ கொடுத்தனுப்பிய நாவலை வாசித்து முடித்துவிட்டேன். பேய் துப்பறிகிற கதையை இந்த வயதில் என் தலையில் கட்டுகிறானே என்று முணுமுணுத்தபடிதான் தொடங்கினேன். துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளை எழுதிய பாதிரியார் ரொனால்ட் நொக்ஸ் 1929இலேயே அமானுஷ்யத்தை வெளியே நிறுத்திவிட்டார். சுவரை ஊடுருவிப் போகிறவனுக்குப் பூட்டிய அறைக் கொலைப் புதிர் எதற்கு?

ஆனால் இதை எழுதிய ஷெஹான் கருணாதிலக கெட்டிக்காரர். புக்கர் பரிசைச் சும்மா கொடுக்கவில்லை. 1990ஆம் ஆண்டுக் கொழும்பில், செத்தவனே தன்னைக் கொன்றது யார் என்று தேடுகிறான். கெடு ஏழு நிலவு, அதாவது ஏழு இரவு. நினைத்த இடத்துக்கெல்லாம் அவனால் போக முடியாது. உடல் போன இடத்துக்குப் போகலாம், யாராவது அவன் பெயரைச் சொன்னால் அங்கே போகலாம். ஆவிக்கும் சட்டம் போட்டுவிட்டதால் துப்பறிதல் பிழைத்துக்கொண்டது. அவன் உடலை வீசிய பேரை வாவியைத் தாண்டி இத்தனை வருடம் வேலைக்குப் போன எனக்கு, அந்தப் பக்கங்களை வேகமாக வாசிக்க முடியவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். சின்ன மாமாவின் படத்துக்கு அம்மா இன்றும் மாலை போட விடுவதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கடைச் சாப்பாட்டை நம்பாதே.

ஷெர்லொக் ஹோம்ஸைப் படைத்த கொனன் டொயிலைப் பார். ஆவிகளோடு பேசலாம் என்று மனதார நம்பியவர். 1920இல் உன் அவுஸ்திரேலியாவுக்கே வந்து அதைப் பிரசங்கம் செய்தவர். ஆனாலும் ஹோம்ஸை மட்டும் அந்தப் பக்கம் விடவில்லை. பாஸ்கர்வில் வேட்டை நாயும் கடைசியில் பொஸ்பரஸ் பூசிய நாய்தான். எனக்குப் பிடித்தது அதற்கும் முந்திய கதையில் வரும் இன்னொரு நாய். இரவில் குதிரையைக் களவாடியபோது அது குரைக்கவில்லை. ஹோம்ஸுக்கு அதுவே தடயம்.

முன்பெல்லாம் நீ வீடியோவில் கதைக்கும்போது சமையலறைப் பக்கமிருந்து “மாமா, சுகமா?” என்று ஒரு குரல் வரும். தைப்பொங்கலுக்குப் பிறகு வரவில்லை. மருமகளை நாயோடு சேர்த்துப் பேசுகிறேன் என்று கோபிக்காதே. உனக்குப் பின்னால் தெரியும் கொக்கியில் இப்போது உன் மழைக்கோட்டு மட்டும் தொங்குகிறது; சிவப்புக் குடையைக் காணவில்லை. நான் எதையும் கேட்கவில்லை. கண்ணில் பட்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அம்மா வேறு வழியில் துப்பறிகிறாள். உங்கள் இருவரின் சாதகங்களையும் தூக்கிக்கொண்டு சாத்திரியாரிடம் போனாள். மயூரபதி அம்மன் கோவிலில் அர்ச்சனை செய்து, நூல் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறாள். வந்தால் கட்டிக்கொள், வாதாடாதே. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் நான் கொக்கியைப் பார்த்து வந்து சேர்ந்த இடத்துக்கே அவள் சாதகத்தைப் பார்த்து வந்திருக்கிறாள். அதுதான் எனக்கு எரிச்சல்.

உன் பதவி உயர்வை மாடி வீட்டுக்காரரிடம் சொன்னேன். மனிதர் மலைத்துப்போனார். அதையும் நீயா சொன்னாய்? அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும். பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு நேரமில்லை.

சாப்பாட்டைக் கவனி. இரவில் விழித்திருந்து இந்த மாதிரிக் கதைகளை வாசிக்காதே. வாசித்தால் முடிவைச் சொல்லாமல் எனக்கு அனுப்பு.

ஞாயிறு மத்தியானம் அம்மா கோவிலால் வந்த பிறகு எடு. இருவருமாக எடுத்தால் சந்தோஷம். தனியாக என்றாலும் எடு.

அப்பா