மாத முடிவு கால்க்கும் கேஷ் அளவுகளும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். நம் பழைய குழுவில் இன்னும் எஸ்பேஸ் என்ற பலபரிமாண டேட்டாபேஸோடு மாரடிப்பது நாம் இரண்டு பேர்தான் போலிருக்கிறது. எனக்கு இந்த வேலை இன்னும் அலுக்கவில்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். சர்வரில் ரேம் கூட்டிய பிறகும் மாத முடிவு கால்க் (எண்களை மேல்நிலைகளுக்குக் கூட்டும் கணக்கீடு) இழுத்துக்கொண்டே போகிறது என்கிறாய். ரேம் இருக்கிறது என்பதற்காக எஸ்பேஸ் தானாக அதை எடுத்துக்கொள்ளாது. தேவைப்படுவதை ரேமில் கையருகே வைத்துக்கொள்ளும் இடம்தான் கேஷ். அமைப்பைத் தொடாமல் விட்டிருந்தால் இன்டெக்ஸ் கேஷ் (எந்த பிளாக் எங்கே என்ற பட்டியலுக்கு) 1 எம்பி, டேட்டா கேஷ் (பிளாக்குகளுக்கு) 3 எம்பி என்றே இருக்கும். கணக்குத் தலைப்பு 400, காலம் 17 (12 மாதம், 4 காலாண்டு, ஆண்டு) இரண்டும் டென்ஸ் (பெரும்பாலான இடங்களில் எண் இருக்கும் பரிமாணம்) என்றால், அவற்றின் எண்கள் எல்லாம் சேர்ந்து உட்காரும் ஒரு பிளாக், எண்ணுக்கு 8 பைட் வீதம், 400 × 17 × 8 = 54,400 பைட். டேட்டா கேஷில் பிளாக்குகள் சுருக்கம் பிரித்த முழு அளவில்தான் உட்காரும். ஆக, 3 எம்பிக்குள் 57 பிளாக்தான்!

இருந்தாலும் முதலில் இன்டெக்ஸ் கேஷைப் பார். முடிந்தால் இன்டெக்ஸ் கோப்பு முழுவதும் அடங்கும் அளவு கொடு. ஹிட் ரேஷியோ (தேடியது கேஷிலேயே கிடைத்த விகிதம்) 1-ஐ ஒட்டி இருக்க வேண்டும். டேட்டா கேஷின் ரேஷியோ குறைவாக இருந்தால் அவ்வளவு பதற வேண்டாம். ஒரு பிளாக்கை ஒருமுறை படித்து, கூட்டி, எழுதிவிட்டு நகரும் கால்க்கில் அது குறைவாகத்தான் இருக்கும்.

நான் உன்னிடம் உண்மையில் பேச விரும்புவது கால்குலேட்டர் கேஷைப் பற்றி. அதில் டேட்டாவே கிடையாது. எந்தெந்த பிளாக் இருக்கிறது, எது இல்லை என்பதற்கு, ஸ்பார்ஸ் (டென்ஸுக்கு எதிர்) பரிமாண உறுப்புகளின் ஒரு சேர்க்கைக்கு ஒரு பிட் வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஸ்பார்ஸ் பரிமாணங்களில் பெரும்பாலான சேர்க்கைகள் காலியாகத்தான் கிடக்கின்றன. இந்த பிட் வரிசை, அதாவது பிட்மேப், இல்லாவிட்டால், மேல்நிலைக்குக் கூட்டும்போது பிளாக் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் இன்டெக்ஸில் தேட வேண்டும். இல்லாததை உடனே இல்லை என்று சொல்லிவிடுவதில் இவ்வளவு நேரம் மிச்சமாவது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

இதன் அளவு அவுட்லைனில் (டேட்டாபேஸின் பரிமாணங்களை அடுக்கிய அமைப்பு) ஸ்பார்ஸ் பரிமாணங்கள் இருக்கும் வரிசையைப் பொறுத்தது. காட்சிநிலை (பட்ஜெட், நடப்பு போன்றவை) 5, பகுதி 60, பொருள் 800, கடைசியாக வாடிக்கையாளர் 20,000 என்று வைத்துக்கொள். கடைசிப் பரிமாணம் பிட்மேப்புக்கு வெளியே நிற்கும். முதல் மூன்றின் பெருக்கல் 2,40,000. 8-ஆல் வகுத்தால் ஒரு பிட்மேப் 30,000 பைட். வாடிக்கையாளர் பரிமாணத்தில் ஓர் உறுப்புக்கு மேலே அதிகபட்சம் 4 பெற்றோர் (அது கூட்டிச் சேரும் மேல்நிலை உறுப்புகள்) என்றால், அதோடு நிலையான 2 சேர்த்து 6 பிட்மேப். மொத்தம் 1,80,000 பைட். இயல்பாகக் கிடைக்கும் 2,00,000 பைட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இதையே தலைகீழாக அடுக்கி, காட்சிநிலையைக் கடைசியில் வைத்துப் பார். ஒரே பிட்மேப் 12 கோடி பைட் ஆகிவிடும். இரண்டு சேர்ந்தாலே 20 கோடி பைட் என்ற உச்சவரம்பைத் தாண்டிவிடும். அப்போது எஸ்பேஸ் குறைவான பரிமாணங்களை மட்டும் பிட்மேப்பில் வைத்துக்கொண்டு வேலை செய்யும், வேகமும் குறையும். ரேமை விட வரிசைதான் முக்கியம் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

ஒன்று மட்டும் கவனம். பேரலல் கால்க் (கணக்கை ஒரே நேரத்தில் ஓடும் பல த்ரெட்டுகளாகப் பிரிப்பது) போட்டால் ஒவ்வொரு த்ரெட்டும் தனக்கென்று ஒரு கால்குலேட்டர் கேஷ் எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் தாராளமாக ஒதுக்கிவிட்டு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ஒன்றும் மிச்சம் வைக்காவிட்டால், அது ரேமில் இடமில்லாததை டிஸ்க்குக்கு மாற்றி மாற்றி ஸ்வாப் செய்ய ஆரம்பித்துவிடும். அப்புறம் செய்த டியூனிங் எல்லாம் வீண். இன்டெக்ஸ், டேட்டா கேஷ் மாற்றங்கள் டேட்டாபேஸை நிறுத்தித் திரும்ப ஏற்றினால்தான் நடைமுறைக்கு வரும் என்பதையும் மறக்காதே.

வரிசை மாறினால் கணக்கிடும் முறையும் மாறும். ஃபார்முலா உள்ள இடங்களில் விடை வேறாக வரலாம். அதனால் ஒரு நகலில் மாற்றி, பழைய எண்களோடு ஒப்பிட்ட பிறகே உண்மையான டேட்டாபேஸில் கை வை. உன் ஸ்பார்ஸ் பரிமாணங்களை இப்போது இருக்கும் வரிசையிலேயே, உறுப்பு எண்ணிக்கையோடு எழுதி அனுப்பு. நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய சகா