மேட்டில் திணறும் காரை மேட்டில்தான் சோதிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏற்றத்தில் கார் இழுக்கவில்லை என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஏர் ஃபில்டரை மாற்றுங்கள், அதிலும் சரியாகாவிட்டால் பிளக், அப்புறம் பெட்ரோல் பம்ப் என்று உங்கள் வாகனப் பக்கத்தில் பதில் வந்திருந்தது. இவை மூன்றுமே காரணமாக இருக்கக்கூடியவைதான். ஆனால் இப்படி வரிசையாக மாற்றிக்கொண்டே போனால் டிக்கியில் நல்ல நிலையில் உள்ள பழைய சாமான்கள் சேருமே தவிர, வண்டி மேடு ஏறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வேலையை விட்டு ஓய்வு பெறும்வரை நான் பார்த்த தொழில் மெக்கானிக் வேலை என்பதால் சொல்கிறேன்.

ஆயிரம் கிலோ எடையுள்ள கார் ஒன்று, பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையை மேலே தூக்குவதற்கு மட்டும் சுமார் 13 குதிரைத்திறன் கூடுதலாக வேண்டும். சமதரையில் இந்தத் தேவையே கிடையாது. அதனால்தான் பாதி அடைத்த ஃபில்டரோடும் சோர்ந்துபோன பம்ப்போடும் வண்டி தரையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி, ஐட்லிங்கில் (வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடும்போது) இன்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, 'கோளாறு எதுவும் காட்டவில்லை' என்று திருப்பி அனுப்புகிறார்களே, அது படுத்திருப்பவருக்கு நாடி பார்த்துவிட்டு மாடி ஏறினால் ஏன் மூச்சு வாங்குகிறது என்று தேடுவது போலத்தான்.

முதலில் ஓட்டுபவர் கவனிக்க வேண்டியது, இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளை. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் முள் சட்டென்று மேலே போய், வண்டியின் வேகம் மட்டும் கூடவில்லை என்றால் இன்ஜினில் குறை இல்லை, கிளட்ச் வழுக்குகிறது. கருகிய வாடையும் வரலாம். இதைப் பார்க்காமல் பம்ப் மாற்றியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆர்பிஎம்மும் ஏறாமல், வேகமும் ஏறாமல் வண்டி முக்கினால்தான் எரிபொருள், காற்று, புகைபோக்கி என்று தேட வேண்டும்.

ஒரு டீசல் கார் என்னிடம் வந்தபோது அதில் ஃபில்டரும் பம்ப்பும் வேறோர் இடத்தில் புதிதாக மாற்றப்பட்டிருந்தன. மேட்டில் திணறல் அப்படியே இருந்தது. ஸ்கேனரை மாட்டி, உரிமையாளரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். டீசலானாலும் காற்றானாலும் இன்ஜின் கம்ப்யூட்டர் கேட்கும் அழுத்தம் ஒரு எண், உண்மையில் கிடைக்கும் அழுத்தம் இன்னொரு எண். இரண்டையும் ஓடும்போதே பார்க்கலாம். 'காமன் ரயில்' எனப்படும் இந்த வகை டீசல் இன்ஜினில் ஐட்லிங்கில் 300 பார் (அழுத்தத்தின் அலகு) அளவில் இருக்கும் ரயில் அழுத்தம், அதாவது டீசலைப் பகிர்ந்து கொடுக்கும் குழாயின் அழுத்தம், முழுச் சுமையில் 1,600 பார் வரை போகும். அந்த வண்டியில் டீசல் அழுத்தம் கேட்டபடியே கிடைத்தது. இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் காற்றழுத்தம்தான் பாதியிலேயே நின்றது. ஆக, பம்ப்பை மாற்ற வேண்டிய தேவையே இருக்கவில்லை. பானட்டைத் திறந்து டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தை விரலால் தடவினேன். ஓரிடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்பியிருந்தன. துடைத்துவிட்டுப் பிதுக்கினால் ஒரு நீள வெடிப்பு. ஐட்லிங்கில் அது மூடிக்கொள்ளும். காற்று அழுத்தம் ஏறியதும் வாயைத் திறக்கும். மேலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியவே தெரியாது. ஹோஸையும் கிளாம்ப்பையும் மாற்றியதோடு வேலை முடிந்தது.

பெட்ரோல் வண்டிக்காரர்கள் அதிகம் கவலைப்பட வேண்டியது, புகைபோக்கிக் குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பற்றி. ஒரு பிளக்கோ காயிலோ சரியாக வேலை செய்யாமல் மிஸ்ஸிங் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) இருந்தால், எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து, உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கானை உருக்கிவிடும். புகை வெளியேற வழி இல்லாவிட்டால் புதிய காற்று உள்ளே வராது. ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானி மாட்டினால் விஷயம் தெரிந்துவிடும். 2,500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐ-யைத் தாண்டினால் அடைப்பு என்று சந்தேகிக்கலாம். மிஸ்ஸிங்கைச் சரிசெய்யாமல் கன்வெர்ட்டரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதிக்குத்தான் ஆளாகும். இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னும்போது மேட்டில் மிதித்துக்கொண்டே போகாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். பெட்ரோலில் ஊற்றும் பாட்டில் மருந்து எதுவும் உருகிய பீங்கானைச் சரிசெய்யாது.

எல்லாத் திணறலும் கோளாறு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். டர்போ இல்லாத இன்ஜின், ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் தோராயமாகப் பத்து சதவீத சக்தியை இழக்கும். ஐந்து பேரும் சாமான்களும் ஏசியும் சேர்ந்தால் கியரைக் குறைத்துத்தான் ஏற வேண்டும். நான்காவது கியரிலேயே ஏறுவேன் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு எந்த மெக்கானிக்கும் உதவ முடியாது.

உங்கள் பகுதியில் இனி இப்படிக் கேள்வி வந்தால், எதை மாற்றுவது என்று சொல்வதற்கு முன் வாசகரிடம் சில விவரங்களைக் கேட்டு வாங்குங்கள்: ஆர்பிஎம் ஏறுகிறதா, புகை என்ன நிறம், இன்ஜின் சூடானதும் திணறல் கூடுகிறதா, டேங்கில் எரிபொருள் குறைவாக இருக்கும்போது மட்டும் வருகிறதா. பதில் ஒரு வாரம் தள்ளி வந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார் மெக்கானிக் ஒருவர்