செல்லின் படத்தோடு நுண்ணோக்கியின் பெயரும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் செல்கள், கிருமிகள் ஆகியவற்றின் வண்ணப் படங்கள் அடிக்கடி வெளியாகின்றன. ஆனால் அவை எவ்வகை நுண்ணோக்கியில் எடுக்கப்பட்டவை என்ற குறிப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. ‘நுண்ணோக்கியில் தெரியும் காட்சி’ என்று மட்டும் அச்சிடுவதால், பள்ளி ஆய்வகத்துக் கருவியிலும் இதே காட்சி தெரியும் என்று மாணவர்கள் நம்பிவிடுகிறார்கள்.

அது நடவாத காரியம். நெருங்கியிருக்கும் இரு புள்ளிகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் பகுதிறன், ஒளியின் அலைநீளத்துக்குக் கட்டுப்பட்டது என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873ஆம் ஆண்டிலேயே விளக்கினார். சாதாரண ஒளி நுண்ணோக்கிக்கு அந்த எல்லை ஏறத்தாழ 200 நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்; ஆயிரம் நானோமீட்டர் ஒரு மைக்ரோமீட்டர்). ஆகவே 7 அல்லது 8 மைக்ரோமீட்டர் அகலமுள்ள இரத்தச் சிவப்பணுவை அதில் நன்றாகவே காணலாம்; 20 முதல் 30 நானோமீட்டர் வரையே உள்ள, செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் வடிவத்தையோ, உருப்பெருக்கத்தை எவ்வளவு கூட்டினாலும், காண இயலாது.

1931இல் பெர்லினில் ருஸ்கா, க்னோல் என்ற பொறியாளர்கள் உருவாக்கிய எலக்ட்ரான் நுண்ணோக்கி, ஒளிக்குப் பதிலாக அலைநீளம் மிகமிகக் குறைந்த எலக்ட்ரான் கற்றையைக் காந்தச் சுருள்களால் குவித்தது; 1933இல் ருஸ்கா அமைத்த மேம்பட்ட கருவி இந்த எல்லையைத் தாண்டியது. ஆனால் அக்கற்றைக்கு வெற்றிடம் வேண்டும் என்பதால் உயிருள்ள செல்லை அதில் வைக்க வழியில்லை. கற்றை மாதிரியின் ஊடே செல்லும் ஊடுருவும் வகைக்குச் செல்லைப் பதப்படுத்தி, பிசினில் பதித்து, 100 நானோமீட்டருக்கும் மெல்லிய சீவல்களாக வெட்டி, ஆஸ்மியம், ஈயம் போன்ற கன உலோகங்களால் சாயமேற்றுகிறார்கள். மேற்பரப்பைக் காட்டும் ஸ்கேனிங் வகைக்குப் பொதுவாக மெல்லிய தங்கப் பூச்சு இடுகிறார்கள். இரண்டிலும் கிடைப்பது சாம்பல் நிறப் படமே. நாம் காணும் சிவப்பும் ஊதாவும் பின்னர் கணினியில் தீட்டப்பட்டவை. பகுதிகளைப் பிரித்தறிய அது உதவும்தான். ஆனால் அதைச் சொல்லாமல் விடுவது முறையன்று.

உயிருள்ள செல் பிரிவதைப் பார்க்க ஒளியிடம்தான் திரும்ப வேண்டும். செல்லுக்குள் ஒளி அடையும் சிறு பின்னடைவை வெளிச்ச வேறுபாடாக மாற்றி, சாயமின்றியே காட்டும் கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கிக்காக டச்சு இயற்பியலாளர் ஜெர்னிக்கே 1953இல் நோபல் பரிசு பெற்றார். ஒளிர் நுண்ணோக்கிப் படங்களில் தெரியும் பச்சையும் செல்லின் இயல்பான நிறம் அன்று. ஜெல்லி மீனிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட பச்சை ஒளிர் புரதம் போன்றவற்றை அடையாளமாகச் சேர்ப்பதால் வருவது.

எனவே ‘ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி, நிறம் பின்னர் சேர்க்கப்பட்டது’ என்பது போன்ற ஒரு வரியைப் படத்தின் கீழ் அச்சிட வேண்டுகிறேன். பக்க வடிவமைப்பின்போது மூலப்படத்தின் மூலையில் உண்மை நீளத்தைக் காட்டும் அளவுகோட்டையும் வெட்டாமல் விட வேண்டும். ‘10,000 மடங்கு’ என்ற குறிப்பு படத்தைச் சுருக்கியதுமே பொய்யாகிவிடும், அளவுகோடோ படத்தோடு சேர்ந்து சுருங்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்