ஈர மண்ணில் காயும் ரோஸ்மேரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தலைமுடிக்கு ரோஸ்மேரி நீர் நல்லது என்ற பேச்சு பரவியதிலிருந்து, துளசியும் கற்பூரவள்ளியும் இருந்த மாடிகளில் ரோஸ்மேரித் தொட்டியும் சேர்ந்திருக்கிறது. ஒன்றிரண்டு மாதத்தில் இலை காயத் தொடங்குகிறது. இலை காய்ந்தால் தண்ணீர் ஊற்றுவதுதான் நம் கை வழக்கம். ரோஸ்மேரி விஷயத்தில் அந்தக் கையைக் கொஞ்சம் நிறுத்திவைக்கச் சொல்லவே இக்கடிதம்.

மத்தியதரைக் கடலோரத்தின் கல்லும் சரளையுமான சரிவுகளில் வளரும் புதர் இது. நம் பக்கம் நீலகிரியில் பயிராகிறது. ஓரம் மடங்கிய ஊசி இலை வறட்சியைத் தாங்கும். வேரோ காற்றுப் புகாத ஈரத்தைத் தாங்காது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது என்பதால், ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி காய்கிறது. தாகம் என்று நினைத்து இன்னொரு குவளை ஊற்றினால் மிச்ச வேரும் போய்விடும்.

எனவே முதலில் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனமில்லாமல், இலைகள் பச்சை வெளிறிச் சாம்பல் பூத்து மொறமொறவென்று உதிர்ந்தால் வறட்சி. தொட்டி கனமாக இருந்து, நுனி தொங்கி, உள்பக்க இலைகள் மஞ்சளாகிக் கறுத்து, தண்டின் அடியும் கறுத்திருந்தால் வேரழுகல். மேல் மண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நர்சரிச் செடிகள் பலவும் கோகோபீட் என்னும் தென்னை நார்த்தூளில்தான் வருகின்றன; அது மேலே காய்ந்தாலும் நடுவில் நாள் கணக்கில் ஈரம் வைத்திருக்கும். ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி, கால் மணி நேரம் கழித்து உருவினால், குச்சியில் ஏறியிருக்கும் ஈரம் உண்மையைச் சொல்லும்.

அழுகல் என்று சந்தேகம் வந்தால் செடியைக் கவிழ்த்து வேரைப் பார்ப்பதே சரி. நல்ல வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்கும். அழுகியது பழுப்பாகி, விரலால் இழுத்தால் தோல் கழன்று நூல்போல நடுநரம்பு மட்டும் மிஞ்சும், நாற்றமும் அடிக்கும். அதையெல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டு, பழைய கோகோபீட்டை உதிர்த்துவிட வேண்டும். அந்தக் கட்டியை அப்படியே புது மண்ணில் வைத்தால் நடுவில் ஈரப் பஞ்சுபோல நின்று மறுபடி அழுகும். வேரில் எவ்வளவு போனதோ, ஏறக்குறைய அவ்வளவு கிளையையும் குறைக்கலாம். ஆனால் ஒவ்வொரு கிளையிலும் பச்சை இலை மிஞ்சும்படி வெட்ட வேண்டும்; இலையே இல்லாத முற்றிய கட்டை பெரும்பாலும் மறுபடி துளிர்ப்பதில்லை. உயிர் இருக்கிறதா என்று அறிய நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள். பச்சை தெரிந்தால் நம்பிக்கை உண்டு.

மண்கலவைக்கு செம்மண் 2 பங்கு, பருமணல் 2 பங்கு, பெர்லைட் (இலேசான வெள்ளை எரிமலைக் கல்துகள்) அல்லது உடைத்த செங்கல் சில்லு 1 பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணல் என்றால் தூளைச் சலித்துவிடுங்கள். அந்தத் தூள் சிமெண்டுபோல் இறுகும். வேர் அளவைவிடச் சற்றே பெரிய மண்தொட்டி போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் காயாமலே கிடக்கும். அடியில் ஜல்லி பரப்பினால் வடிகால் கூடும் என்பது தவறு. நீர் தேங்கும் மட்டம் அதனால் வேருக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது. துளையின் மேல் ஓர் ஓட்டுச்சில்லு வைத்தால் போதும். நட்டபின் ஒரு லிட்டர் நீரில் 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் கலந்து ஒருமுறை வேருக்கு ஊற்றலாம். ஊற்றினால் ஒரு மாதம் இலையைச் சமையலுக்கோ தலைக்கோ எடுக்க வேண்டாம். வேரழுகலைத் தடுக்க மண்ணில் இடும் டிரைக்கோடெர்மாவை இதோடு சேர்க்கக் கூடாது. அதுவும் பூஞ்சைதான், செத்துவிடும். பத்து நாள் வெளிச்சமான நிழலில் வைத்துவிட்டு, மெல்ல வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். புதுத் துளிர் வரும்வரை உரம் கிடையாது. கறிவேப்பிலைக்குக் கொடுக்கும் புளித்த மோரும், அரிசி களைந்த தண்ணீரும் இதற்கு எப்போதுமே வேண்டாம்.

வேர் நன்றாக இருந்தும் இலை வெளிறிப் புள்ளி விழுந்தால், ஒரு வெள்ளைத் தாளின் மேல் கிளையைத் தட்டுங்கள். நகரும் புள்ளிகள் தெரிந்தால் சிலந்திப்பேன். இலையை நீர் பீய்ச்சிக் கழுவி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலுடன் கலந்து வாரம் ஒருமுறை மாலையில் தெளிக்க வேண்டும். வெள்ளைப் பொடி பூத்தால் சாம்பல் நோய். தொட்டிகளை நெருக்கி வைத்திருப்பது முக்கியக் காரணம். இலை நுனி மட்டும் கருகி, தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு இருந்தால் ஆழ்துளைக் கிணற்று உப்பு. மழைநீர் பிடித்து, தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு ஊற்றி வடியவிடுங்கள்.

நாளுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். ஆனால் சித்திரை, வைகாசியில் சென்னை மாடித்தளத்தின் சூடு வேரைச் சுடும். இரண்டு செங்கல் மேல் தொட்டியை ஏற்றி, மதியத்துக்கு நிழல்வலை கட்டுவது நல்லது. ஐப்பசி அடைமழையில் கூரையோரம் நகர்த்த வேண்டும். அடித்தட்டு வைக்காதீர்கள். எவ்வளவு பார்த்தாலும் சமவெளியில் இது நிச்சயமில்லாத செடி என்பதால், மார்கழி, தை மாதங்களில் நான்கு அங்குல இளங்கிளைகள் ஐந்தாறு வெட்டி, கீழ்ப்பாதி இலையை உருவி, ஈர மணலில் ஊன்றி நிழலில் வையுங்கள். நாலு முதல் எட்டு வாரத்தில் வேர்விடும்.

கூந்தல் பராமரிப்புக் குறிப்புகளில் ரோஸ்மேரியைப் பரிந்துரைக்கும்போது, "மண் காய்ந்தபின் மட்டும் நீர்" என்ற ஒரு வரியையும் தங்கள் நாளிதழ் சேர்த்து வெளியிட வேண்டுகிறோம். நர்சரிக்காரர்கள் விற்கும் நேரத்தில், செடி எந்தக் கலவையில் இருக்கிறது என்பதை வாங்குபவரிடம் சொல்லிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
மாடித் தோட்ட வாசகர்கள்,
தாம்பரம்.