சங்கிலி ஒரு கழுத்தில், சாவி வேறு கையில்

அயர்லாந்தின் உள்ளாட்சித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். டப்ளின் மேயரை யார் தேர்ந்தெடுப்பது என்பது பற்றித் தங்களுக்கு ஆங்கிலத்தில் அனுப்பிய மடல்தான் இது. டப்ளினில் என்னைப் போல வாக்குரிமை உள்ள தமிழர்களும் படிக்கட்டும் என்று இங்கே தமிழில் எழுதுகிறேன்.

குடியுரிமை இல்லாதவர்களும் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம் என்பது இந்த நாட்டின் பெருந்தன்மை. 2024 ஜூனில் நானும் வரிசையில் நின்றேன். அதற்குப் பிறகு ஓராண்டில் மூன்று மேயர்களைப் பார்த்துவிட்டோம். ஜேம்ஸ் கேகன் வந்தார், நவம்பரில் நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகிப் போனார். எம்மா பிளெயின் மிச்ச மாதங்களை நிரப்பினார். 2025 ஜூனில் ரே மெக்காடம். மூவர் மீதும் எனக்கு வருத்தமில்லை. 63 கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் ஓராண்டுப் பதவியில் யார்தான் என்ன செய்துவிட முடியும்?

நான் இரவுப் பணி பார்க்கும் செவிலியர். விடிகாலையில் பேருந்துக்கு நிற்கும் இடத்தில் கூரை கிடையாது. ஊரில் இதை நிழற்குடை என்போம்; இங்கே வெயிலே இல்லை, மழைக்குடை என்றாவது ஒன்று வையுங்கள் என்று எங்கள் கவுன்சிலரிடம் கேட்டேன். நல்ல மனிதர். ஓர் அலுவலகத்துக்கு எழுதினார். கூரை எங்கள் பொறுப்பல்ல என்றார்கள். இன்னோர் அலுவலகம், நடைபாதை எங்களுடையதல்ல என்றது. கடிதக் கட்டைக் காட்டி, "எழுதத்தான் முடியும், உத்தரவு போட முடியாது" என்றார். அன்றும் நனைந்துகொண்டேதான் வீடு போனேன்.

கோயிலில் வீதி உலா போகிறவர் உற்சவர். மூலவர் உள்ளேயே இருப்பார். டப்ளின் மேயர் உற்சவர். 1698-ல் மூன்றாம் வில்லியம் மன்னர் தந்த சங்கிலி உண்டு, 1715 முதல் மேன்ஷன் ஹவுஸ் என்ற மாளிகையும் உண்டு. நிர்வாகம் மட்டும் நியமிக்கப்பட்ட தலைமை நிர்வாகி கையில். உற்சவரிடம் வரம் கேட்டால் மூலவருக்குக் கடிதம் எழுதுகிறேன் என்கிறார்!

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: மக்களே மேயரைத் தேர்ந்தெடுக்கலாமா என்று டப்ளின் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்துங்கள். 2014-ல் டப்ளின் பகுதியின் நான்கு உள்ளாட்சி மன்றங்களும் சம்மதித்தால்தான் வாக்கெடுப்பு என்றீர்கள். அவற்றில் ஒன்றான ஃபிங்கல் மறுத்தது, கதை முடிந்தது. 2022-ல் மக்கள் பேரவையைக் கூட்டினீர்கள். 67 குடிமக்களும் 12 கவுன்சிலர்களும் பல வார இறுதிகளைக் கொடுத்து, அதிகாரமுள்ள மேயர் வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். அந்த அறிக்கைக்காவது தலைக்கு மேல் கூரை இருக்கும் என்று நம்புகிறேன்.

மன்னிக்கவும், இரவுப் பணியின் களைப்பு, சொல் தடித்துவிட்டது.

இதே கேள்விக்கு இந்நாட்டின் லிமெரிக் மக்கள் 2019-ல் ஆம் என்றார்கள். ஐந்தாண்டு காத்திருந்து 2024-ல் ஜான் மோரனைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். கார்க்கும் வாட்டர்ஃபோர்டும் வேண்டாம் என்றன, அது அவர்கள் விருப்பம். எங்களிடம் யாரும் கேட்கவே இல்லையே, ஐயா.

ஆகவே பணிவாக மீண்டும் கேட்கிறேன்: வாக்கெடுப்புக்குத் தேதி குறியுங்கள். முந்தின இரவு பணி இருந்தாலும், நேராக வாக்குச்சாவடிக்கு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
டப்ளின் வாக்காளர் ஒருத்தி