ஒரு ‘ஓ’ கூடிப்போனால் என்ன? – அடுத்தவர் ஆங்கிலத்தைத் திருத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்பர்களே,

வணக்கம். யாரோ ஒருவர் மனம்விட்டு நான்கு பத்தி எழுதியிருப்பார். நீங்கள் வந்து, அதன் கீழே ஒரு நட்சத்திரக் குறியும் ஒரே ஒரு சொல்லும் போட்டுவிட்டுப் போவீர்கள். அவர் தப்பாக எழுதிய சொல்லின் சரியான வடிவம் அது. அந்த நட்சத்திரக் குறிக்குச் சொந்தக்காரர்களுக்குத்தான் இந்த மடல். வெளியாள் ஒருவன் வந்து புத்தி சொல்கிறான் என்று நினைக்க வேண்டாம். பல வருடம் ஆங்கிலத்தில் மெய்ப்புப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். உங்கள் கை அரிப்பு எனக்கும் உண்டு.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஓர் அலுவலகத்தில் இருந்தபோது, உடன் வேலை பார்த்த ஒருவர் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். மூன்று வாரமாக பேக்கப் ஓடவில்லை, இப்படியே விட்டால் எல்லாவற்றையும் இழந்துவிடுவோம் என்று எழுதியிருந்தார். ‘இழப்பது’ என்பதற்கான ‘லூஸ்’ என்ற சொல்லில் ஓர் ‘ஓ’தான். அவர் இரண்டு போட்டிருந்தார். இரண்டு போட்டால் அது ‘தளர்ந்தது’ என்ற வேறு சொல். நான் எல்லோருக்கும் போகிற மாதிரியே பதில் போட்டேன்: “ஓர் ஓ போதும்.” நாலைந்து பேர் சிரிப்புப் பொம்மை அனுப்பினார்கள். பேக்கப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை, நானும்தான். அடுத்த மாதம் அந்த வட்டு செத்துப்போனது. எல்லாவற்றையும் இழந்தோம், ஓர் ‘ஓ’வோடு.

அந்தப் பிழையை இப்போது நினைத்துப் பார்த்தால் அவர் மேல் கோபமே வரவில்லை. ‘தேர்ந்தெடு’ என்று பொருள்படும் ‘சூஸ்’ என்ற சொல்லுக்கு இரண்டு ‘ஓ’. அதே ஓசையுள்ள ‘லூஸ்’ என்பதற்கும் இரண்டு போடலாம் என்று ஒருவர் நினைப்பதில் என்ன குற்றம்? ஓர் ‘ஓ’ போட்ட ‘ரோஸ்’, ‘நோஸ்’, ‘போஸ்’ எல்லாம் வேறு மாதிரி ஒலிக்கின்றன. அவர் கை ஒழுங்கைத் தேடிப் போயிருக்கிறது. ஒழுங்கில்லாதது அந்த மொழியின் எழுத்து.

அது ஏன் அப்படி என்பதைத் திருத்துகிறவர்கள் கொஞ்சம் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. இருப்பது 26 எழுத்து. ஒலிகளோ, பேசும் ஊரைப் பொறுத்து, ஏறத்தாழ 44. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சு வந்த பிறகு எழுத்து மெல்ல மெல்ல உறைய ஆரம்பித்தது. அதே நூற்றாண்டுகளில்தான் ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் எல்லாம் இடம் பெயர்ந்துகொண்டிருந்தன. உச்சரிப்பு போன பிறகும் எழுத்து பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது. ‘கத்தி’ என்ற பொருளில் வரும் ‘நைஃப்’ என்ற சொல்லின் முன்னால் நிற்கும் ‘கே’ ஒரு காலத்தில் உண்மையாகவே ஒலித்த எழுத்து.

அதாவது பரவாயில்லை. ‘கடன்’ என்று பொருள்படும் ‘டெட்’ என்ற சொல்லின் நடுவில் இருக்கிற ‘பி’ ஒருநாளும் ஆங்கிலத்தில் ஒலித்ததில்லை. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் ‘பி’யே கிடையாது. லத்தீன் மூலத்தில் இருந்ததே என்று படித்தவர்கள் பின்னால் கொண்டுவந்து செருகினார்கள். ‘தீவு’ என்ற பொருளில் வரும் ‘ஐலண்ட்’ கதை இன்னும் மோசம். அது பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல், அதில் ‘எஸ்’ இல்லை. லத்தீன் வழி வந்த இன்னொரு சொல்லோடு உறவு இருப்பதாகத் தப்பாக நினைத்து ஓர் ‘எஸ்’ஸைச் சேர்த்துவிட்டார்கள். ஆக, அன்று படித்தவர் செய்த பிழை இன்றைக்கு விதி. அந்த ‘எஸ்’ஸை இன்று ஒரு பிள்ளை விட்டுவிட்டால் சிவப்பு மையில் சுழிக்கிறோம்!

அப்புறம் அப்பாஸ்ட்ரஃபி, எழுத்துக்கு மேலே தொங்கும் அந்தக் குட்டிக் கமா. உங்களுக்கு மிகவும் பிடித்த வேட்டைக்களம் இதுதான். ‘இட்ஸ்’ என்பதில் அந்தக் குறியைப் போட்டால் ‘அது இருக்கிறது’ என்பதன் சுருக்கம், போடாவிட்டால் ‘அதனுடைய’. ஆனால் பள்ளியில் முதலில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? உடைமை என்றால் அப்பாஸ்ட்ரஃபி, எஸ் என்று. ராமனுடைய வீடு என்றாலும் பூனையுடைய வால் என்றாலும் குறி உண்டு. ‘அதனுடைய வால்’ என்று வரும்போது மட்டும் குறியை எடு என்றால், நன்றாகக் கற்றவன்தானே முதலில் தடுக்கி விழுவான்? 1787இல் எழுதிய அமெரிக்க அரசியலமைப்பின் முதல் உறுப்பு, பத்தாம் பிரிவில் ‘அதனுடைய’ என்ற இடத்தில் அப்பாஸ்ட்ரஃபி போட்டுத்தான் எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் அது வழக்கத்தில் இருந்த வடிவம். அதே ஆவணத்தில் கையொப்பங்களுக்குப் பக்கத்தில் பென்சில்வேனியாவுக்கு ஓர் ‘என்’ குறைகிறது. நாடு ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை.

பன்மைக்கு அப்பாஸ்ட்ரஃபி போடுவதற்கு ஆங்கிலத்தில் காய்கறிக்காரர் பெயரை வைத்தே ஒரு கேலிப் பெயர் இருக்கிறது. தக்காளிகள் என்று எழுதப் போய் ‘தக்காளியுடைய’ என்று எழுதிவிடுகிறார்களாம். நான் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பலகையைப் பார்த்து, தக்காளிக்குச் சொந்தமான ஏதோ ஒரு பொருளைத் தேடிக் கடைக்குள் போனவர் யாராவது உண்டா? அமெரிக்காவின் புவியியல் பெயர்கள் வாரியம் 1890ஆம் ஆண்டிலிருந்தே ஊர்ப் பெயர்களில் உடைமைக் குறி வேண்டாம் என்கிறது. விரல் விட்டு எண்ணக்கூடிய விதிவிலக்குகள்தான். பிரிட்டனில் ஜான் ரிச்சர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் 2001இல் அப்பாஸ்ட்ரஃபியைக் காக்க ஒரு சங்கமே தொடங்கினார். 96 வயதில், 2019இல், போதும் என்று மூடினார். பிறகு வேறொருவர் எடுத்து நடத்துகிறார். அந்தப் பெரியவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் இந்தப் போரில் என் ஓட்டு காய்கறிக்காரருக்குத்தான்.

அடுத்தது காதால் வரும் பிழைகள். ‘உன்னுடைய’ என்பதும் ‘நீ இருக்கிறாய்’ என்பதன் சுருக்கமும் பேச்சில் ஏறக்குறைய ஒன்றேதான். ‘அங்கே’, ‘அவர்களுடைய’, ‘அவர்கள் இருக்கிறார்கள்’ மூன்றும் ஒரே ஓசை. வேகமாகத் தட்டும்போது விரல் ஓசையைத்தான் கேட்கிறது, இலக்கணத்தை அல்ல. ‘செய்திருக்கலாம்’ என்பது போன்ற இடங்களில் வரும் ‘குட் ஹேவ்’ பேச்சில் ‘குடவ்’ என்று சுருங்கி, காகிதத்துக்கு வரும்போது ‘குட் ஆஃப்’ ஆகிவிடுகிறது. இது புத்தகம் வழியாக ஆங்கிலம் படித்தவர்களிடம் அவ்வளவாக இல்லை; பிறந்ததிலிருந்து காதில் கேட்டு வளர்ந்தவர்களின் பிழை. ஆகவே இதை வைத்து ஒருவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று முடிவு கட்டினால், பல சமயம் முடிவு தலைகீழாக இருக்கும். ‘விட’ என்ற பொருளில் வரும் ‘தான்’, ‘பிறகு’ என்ற பொருளில் வரும் ‘தென்’ இரண்டையும் மாற்றிப் போடுவதையும் இங்கேயே சேர்த்துவிடலாம். அவை இரண்டும் ஒரு காலத்தில் ஒரே சொல்லாக இருந்தவை.

சரி, எல்லாவற்றையும் விட்டுவிடலாமா? கூடாது. அதற்கும் சேர்த்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

தமிழில் ‘வேலை தேடினான்’ என்றால் உத்தியோகம் தேடினான். ஒரு ‘த்’ சேர்ந்து ‘வேலைத் தேடினான்’ ஆனால் கையில் இருந்த வேல் தொலைந்துவிட்டது என்று பொருள். இதே மாதிரி, ஒரு புள்ளி பொருளையே தூக்கிச் சாப்பிடுகிற இடங்கள் ஆங்கிலத்திலும் உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கூடுதல் நேரச் சம்பளம் பற்றிய சட்டம் ஒன்று இருந்தது. உணவுப் பொருளைப் பதப்படுத்துவது, உறைய வைப்பது, உலர்த்துவது என்று வேலைகளை அடுக்கி, இந்த வேலைகளுக்குக் கூடுதல் நேரச் சம்பளம் கிடையாது என்றது. பட்டியலின் கடைசியில் ‘அனுப்புவதற்காகக் கட்டுதல் அல்லது விநியோகித்தல்’ என்று வந்தது. ‘அல்லது’ என்பதற்கு முன்னால் ஒரு கமா இல்லை. ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் கேட்டார்கள்: இங்கே சொல்லியிருப்பது கட்டுகிற வேலையை மட்டும்தானே? அனுப்பக் கட்டினாலும் விநியோகிக்கக் கட்டினாலும் அது கட்டுதல்தான். நாங்கள் கட்டவில்லை, வண்டி ஓட்டுகிறோம். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல், வாசகம் தெளிவாக இல்லை என்று சொல்லி ஓட்டுநர்கள் பக்கம் நின்றது. மறு ஆண்டு நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த மாநிலத்தில் சட்டம் எழுதுவோருக்கான கையேடே அந்த இடத்தில் கமா போட வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தது. பிறகு சட்டத்தைத் திருத்தி, கமா இருந்த இடமெல்லாம் அரைப்புள்ளி போட்டார்கள். சூடு கண்ட பூனை!

ஒரே ஓர் எழுத்தின் கதையும் உண்டு. 2009இல் பிரிட்டனின் நிறுவனப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ், ‘டெய்லர் அண்ட் சன்’ என்ற நிறுவனம் கலைக்கப்படுகிறது என்று குறிப்பதற்குப் பதிலாக, ‘டெய்லர் அண்ட் சன்ஸ்’ என்ற வேறொரு நிறுவனத்தின் பெயரில் குறித்துவிட்டது. பின்னது கார்டிஃப் நகரில் நூறாண்டுக்கு மேல் நடந்துவந்த பொறியியல் நிறுவனம். சில நாளில் பதிவைத் திருத்தினார்கள். அதற்குள் செய்தி கடன் தர மதிப்பீட்டாளர்களுக்குப் போய்விட்டது. சரக்கு தந்தவர்கள் கையை விரித்தார்கள், இரண்டு மாதத்தில் நிறுவனம் படுத்துவிட்டது. பதிவகமே பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. கூடிப்போனது ஓர் ‘எஸ்’.

ஒரு சொல் விழுந்த கதை இன்னும் பழையது. 1631இல் லண்டனில் அச்சான ஒரு பைபிள் பதிப்பில், பத்துக் கட்டளைகளில் ஒன்றில் ‘கூடாது’ என்ற பொருளில் இருந்த ‘நாட்’ விட்டுப்போய், ‘விபசாரம் செய்வாயாக’ என்று வந்துவிட்டது. அச்சிட்டவர்களுக்கு 300 பவுண்டு அபராதம்.

இந்த மூன்றையும் இன்றைய ஸ்பெல் செக்கில் போட்டுப் பாருங்கள். ‘சன்ஸ்’ சரியான சொல், பைபிள் வாக்கியத்தில் எல்லாச் சொல்லும் சரி. எங்குமே சிவப்புக் கோடு விழாது. அது விழுவது, யாரையும் ஏமாற்றாத பிழைகளுக்கு அடியில்தான். ‘அக்காமடேட்’ என்பதில் ஓர் ‘எம்’ குறைந்தால் படிப்பவருக்கு ஒரு குழப்பமும் வராது, இருந்தாலும் கோடு விழும். ‘பப்ளிக்’ என்பதில் ‘எல்’ விட்டுப்போனால் வருவதும் அகராதியில் இருக்கிற சொல்தான், கோடு விழாது. என்ன சொல் என்று இங்கே எழுத மாட்டேன். போதாததற்கு இயந்திரம் தானே பிழை செய்யும். ஒத்துழைப்பு என்று பொருள்படும் ‘கோஆப்பரேஷன்’ என்பதைப் பழைய ஸ்பெல் செக் ஒன்று ‘குப்பர்டினோ’ என்ற கலிஃபோர்னிய ஊர்ப் பெயராக மாற்ற, அது பெரிய பெரிய சர்வதேச அமைப்புகளின் ஆவணங்களில் எல்லாம் போய் உட்கார்ந்துகொண்டது.

நீங்கள் ஓர் இணைப்பைச் சொடுக்கும்போது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்று உலாவி அடுத்த தளத்துக்குச் சொல்லும் தலைப்பு வரி ஒன்று உண்டு. அதன் பெயர் ‘ரெஃபரர்’. அதில் ஓர் ‘ஆர்’ குறைவு. 1996இல் வெளியான தரநிலை ஆவணத்திலேயே அப்படித்தான் இருந்தது, இனி மாற்ற முடியாது. ஆக, என்னைத் திருத்த நீங்கள் அனுப்பும் செய்தியோடு அந்தப் பிழையும் சேர்ந்தே பயணிக்கக்கூடும். திருத்துகிறவர் எழுதுவதில் கட்டாயம் ஒரு பிழை இருக்கும் என்று 1992இல் ஆஸ்திரேலியப் பதிப்பாசிரியர் ஜான் பாங்சண்ட் ஒரு விதி வகுத்து, ‘தவறக்கூடியது தவறியே தீரும்’ என்கிற மர்ஃபி விதியின் பெயரை வேண்டுமென்றே மாற்றி ‘மஃப்ரி விதி’ என்று வைத்தார். அதை நான் மேசைக்கு எதிரே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

உங்களிடம் கேட்பது இதுதான். எழுதியவர் என்ன சொல்ல வந்தார் என்பதற்கு முதலில் பதில் போடுங்கள். பிழையைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், விண்ணப்பமோ அறிவிப்போ வெளியே போவதற்கு முன்னால் காதோடு சொல்லுங்கள். அது உண்மையிலேயே உதவி. வாதத்துக்குப் பதில் இல்லாதபோது எழுத்துப்பிழையைப் பிடித்துத் தொங்காதீர்கள். நானும் அந்த வேலையைச் செய்திருக்கிறேன், அதில் ஒரு ருசி இருக்கிறது என்பதும் தெரியும்.

ஒன்றுக்கு மட்டும் இந்த நாகரிகம் எதுவும் வேண்டாம். ஆங்கிலத்தில் ‘இப்போது’ என்பதற்கும் ‘இல்லை’ என்பதற்கும் கடைசி எழுத்துதான் வித்தியாசம், ‘டபிள்யூ’வா, ‘டி’யா என்பது. ‘இந்த மருந்தை இப்போது நிறுத்தலாம்’ என்று யாராவது எழுதியிருந்து, ‘நிறுத்தக் கூடாது’ என்பதாக இருக்குமோ என்று உங்களுக்குத் தோன்றினால், நூறு பேர் பார்க்கிற இடமானாலும் சரி, நட்சத்திரக் குறி போட்டாலும் சரி, உடனே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்